பத்துக்கு ஒன்பது

"இப்ப மோந்து பாக்காதீங்க. கையைக் கீழ போடுங்க. கீழ போடுங்கன்னு சொல்றேன்ல!"

வந்தவரின் இடது மணிக்கட்டில் ஒரு சொட்டு, வலது மணிக்கட்டில் ஒரு சொட்டு. தடவிய கையோடு சென்ட் அக்கா அவருடைய இரண்டு கைகளையும் கவுண்டருக்குக் கீழே தள்ளிவிடுகிறார். இடது கையில் இருப்பது வெளிநாட்டு ஒரிஜினல். வலது கையில் இருப்பது அதே வாசனையில் அக்கா கலந்து வைத்திருக்கும் மலிவுச் சரக்கு, விலை பத்தில் ஒரு பங்கு. சென்ட் கடைக்கு வந்து சென்டை மோந்து பார்க்கக் கூடாது என்றால் எப்படி என்று அந்த மனிதர் முழிக்கிறார்.

"முதல்ல பேசுறது சென்ட்ல கலந்த ஸ்பிரிட்டு. ஸ்பிரிட்டு பேச்சைக் கேட்டு யாராவது சாமான் வாங்குவாங்களா? போய் ரெண்டு கடை சுத்திட்டு வாங்க. பத்து நிமிஷம் கழிச்சு ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒரு தடவை. பிடிச்சா நாளைக்கு வாங்க. பிடிக்கலையா, சோப்புப் போட்டுக் கழுவிடுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை."

இப்படி வாசல் வரை வந்த ஆளைத் திருப்பி அனுப்பி வியாபாரம் செய்யும் கடை அந்த வளாகத்திலேயே இது ஒன்றுதான். மாடிப்படிக்கு அடியில், நான்கடி அகலத்தில், கூரை சரிந்து வரும் இடத்தில் இருக்கிறது. உயரமான வாடிக்கையாளர்கள் உள்ளே வந்தால் ஒரு முறையாவது தலையில் இடித்துக்கொள்வார்கள். அக்காவுக்கு அந்தக் கவலை இல்லை. அவர் ஐந்தடிக்கும் குறைவு. ஐம்பத்து மூன்று வயது, இறுக்கிப் பின்னிய முடி, சட்டை போல் அரைக்கை வைத்துத் தைத்த ரவிக்கை. ஊருக்கெல்லாம் வாசனை விற்கிறவர் தன் மேல் ஒரு சொட்டு பூசிக்கொள்ள மாட்டார். மணமில்லாத சோப்பு, மணமில்லாத எண்ணெய். மூக்கு களைத்துப் போனால் தன் முழங்கை மடிப்பை ஒரு தரம் மோந்துகொள்வார். "சொந்த வாசனைக்குப் போய்ட்டு வந்தா மூக்கு தெளிஞ்சிடும். வீட்டுக்குப் போய் முகம் கழுவிட்டு வர்ற மாதிரி" என்பார். சளி பிடித்த நாட்களில் ஷட்டரில் ஓர் அட்டை தொங்கும்: 'மூக்கு சரியில்லை. கடை லீவு.'

சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி. மேல் தட்டில் ஒரிஜினல்கள் பதினான்கு, ராஜ மரியாதையோடு நிற்கும். அவை விற்பதற்கு அல்ல, ஒப்பிடுவதற்கு. தட்டுக்கு நேர் மேலே ஒரு மஞ்சள் பல்பு. கண்ணாடிப் பாட்டில்கள் தங்கமாக மின்ன வேண்டும் என்று அக்காவே ஆசைப்பட்டு மாட்டியது. கீழ்த் தட்டுகளில் அவர் கலந்த சரக்கு, எல்லாம் ஒரே மாதிரிப் பழுப்புப் பாட்டில்களில். கம்பெனிப் பெயர் எதையும் அவர் தொட மாட்டார். "அவங்க பேரு அவங்களுக்கு" என்று தானே பெயர் வைத்துவிடுவார். ஏ.சி. ரூம். மாமியார் வருகிறார். கோபம் தணிந்தது. முதல் சம்பளம். பெயரைப் படித்துச் சிரித்துவிட்டு அதற்காகவே வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

பெயருக்குக் கீழே சிவப்பு மையில் மார்க் இருக்கும். கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்த மார்க்தான். தன் சரக்குக்குத் தானே மார்க் போடும் வியாபாரியை வேறு எங்கே பார்க்க முடியும்? அதுவும் கஞ்சத்தனமாக. ஆறு, ஆறரை, ஏழு. மார்க்குக்குப் பக்கத்தில் குறையையும் எழுதிவிடுவார். 'நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்காது.' 'வேர்த்தால் மாறும்.' ஒன்றில் இப்படி: 'ஒரிஜினலில் ரோஜா இருக்கும். இதில் ரோஜாவின் சித்தி பெண் இருக்கிறாள்.' பத்துக்குப் பத்து யாருக்கும் கிடையாது. "பத்து ஒரிஜினலுக்கு. அதை நான் எழுதினா, நான் திருடி" என்பார்.

மார்க் போடும் சிவப்புப் பேனா ஒரு நூலில் கோத்து அவர் கழுத்தில் கிடக்கும். பக்கத்துக் கடை வாட்ச் ரிப்பேர்காரர் ஒரு முறை கூரியர் சீட்டில் கையெழுத்துப் போட அதைக் கேட்டார். அக்கா எழுந்து, மாடி ஏறி, ஸ்டேஷனரிக் கடையில் அவருக்கென்று ஒரு புதுப் பேனா வாங்கி வந்து கொடுத்தார். கூரியர்காரன் அதுவரை நின்றுகொண்டிருந்தான்.

ஒரு நாள் ஓர் இளைஞர் கேட்டார்: "இதை ஒரிஜினல் டப்பாவில போட்டுத் தருவீங்களா? கொஞ்சம் பெரிய இடத்துக்குக் குடுக்கணும்." அக்கா பாட்டிலை வாங்கித் திரும்பத் தட்டில் வைத்தார். "டப்பா வேணும்னா டப்பாக் கடைக்குப் போங்க தம்பி. இங்க வாசனை மட்டும்தான்." அந்தத் தம்பி கோபித்துக்கொண்டு போனார். போகும்போது கூரையில் நெற்றியை இடித்துக்கொண்டார் என்று வாட்ச் ரிப்பேர்காரர் இன்றும் சந்தோஷமாகச் சொல்வார்.

அக்காவின் சோதனைச்சாலை அவருடைய கணவர். ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறார். என்றோ வந்த ஒரு காய்ச்சலில் அவருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சட்டைக் கையை மடித்து இரண்டு கைகளையும் நீட்டுவார். இடது கையில் ஒரிஜினல், வலது கையில் அக்காவின் சரக்கு. நாள் முழுக்க அந்தக் கூண்டுக்குள் மேலும் கீழும் போய்வந்து, மாலையில் வீட்டுப் படியேறிச் செருப்பைக் கழற்றும் முன் மறுபடி நீட்டுவார். அக்கா மோந்து பார்த்து மார்க் போடுவார். "லிப்ட்ல ஏறுறவங்க எல்லாம், என்ன சார், ஒரு பக்கம் ஒரு வாசனை, இன்னொரு பக்கம் இன்னொரு வாசனைன்னு கேக்குறாங்க" என்று அவர் சொன்னால், "எந்தப் பக்கம் நல்லா இருக்காம்? அதைக் கேட்டீங்களா?" என்பது அக்காவின் பதில். இருபத்தாறு வருடக் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது, குறை ஒன்றும் இல்லை.

முதல் சம்பளம் மட்டும் ஒன்பது வாங்கியிருந்தது. கடையிலேயே உச்ச மார்க் அதற்குத்தான். அலமாரியின் நடுவில், பல்புக்கு நேர் கீழே நிற்கும் சதுரப் பாட்டில் ஒரிஜினலைப் பார்த்துக் கலந்தது. ஒவ்வொரு முறை புது எசன்ஸ் வந்து இறங்கும்போதும் அக்கா சதுரப் பாட்டிலைத் திறந்து, ஒப்பிட்டு, இதில் ஒரு சொட்டு கூட்டி அதில் ஒரு சொட்டு குறைத்துச் சரிசெய்துகொள்வார். ஆறு வருடமாக அந்தப் பாட்டிலில் பாதிதான் குறைந்திருந்தது. அத்தனை சிக்கனம்.

இந்த முதல் சம்பளத்தின் பரம பக்தை, இரண்டாவது மாடி பார்லரில் வேலை பார்க்கும் பியூட்டிஷியன். முப்பதைத் தாண்டிய பெண், வாய் ஓயாது, கையும் ஓயாது. நாள் முழுக்கக் கை கழுவுகிற தொழில் என்பதால் மணிக்கட்டில் எதுவும் நிற்காது. அதனால் அக்கா அவளுக்கு மட்டும் முழங்கை மடிப்பில் பூசச் சொல்லிக் கொடுத்திருந்தார். நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களின் முகத்துக்கு மேல் குனிந்து வேலை செய்யும்போது அந்த வாசனை இறங்கும். கேட்காதவர்களிடம்கூட அவள் சொல்வாள்: "பத்துக்கு ஒன்பது. எங்க அக்கா மார்க் போட்டா போட்டதுதான்."

அப்படித்தான் டாக்டர் வீட்டம்மாவிடமும் சொன்னாள். டாக்டர் வீட்டம்மா பார்லரின் பெரிய வாடிக்கையாளர். பல வருடமாகச் சதுரப் பாட்டில் பூசுகிறவர். அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிவைப்பார். முகத்தில் பூச்சு காய்ந்துகொண்டிருந்ததால் சிரிக்க முடியாமல் அவர் சொன்னாராம்: "ஒன்பதா? சரி, பாத்துடலாம். போன வாரம்தான் புதுசு வந்திருக்கு. சனிக்கிழமை எடுத்துட்டு வர்றேன். ஒன்பது இல்லைன்னா அப்புறம் நீ என்கிட்ட சென்டைப் பத்திப் பேசக் கூடாது."

பியூட்டிஷியன் தடதடவென்று படியிறங்கி வந்து மூச்சு வாங்கினாள். "அக்கா, என் மானத்தைக் காப்பாத்துங்க."

"காப்பாத்த என்ன இருக்கு? கூட்டிட்டு வா" என்றார் அக்கா. அவர் முகத்தில் கவலையின் சாயல்கூட இல்லை.

சனிக்கிழமை டாக்டர் வீட்டம்மா தலையை இடித்துக்கொள்ளாமல் பக்குவமாகக் குனிந்து உள்ளே வந்தார். நடுவர் வேண்டுமே என்று வாட்ச் ரிப்பேர்காரரையும் கூப்பிட்டார்கள். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியோடே வந்துவிட்டார். அக்கா முதல் சம்பளத்தை எடுத்து அம்மாவின் வலது மணிக்கட்டில் தடவினார். இடது கைக்கு அம்மாவின் சொந்தப் பாட்டில். அக்காவின் சட்டதிட்டம் தெரியாத டாக்டர் வீட்டம்மா, பையிலிருந்து பாட்டிலை எடுத்த வேகத்தில் மணிக்கட்டில் ஒன்றும் காற்றில் இரண்டுமாகப் பீச்சியடித்தார்.

அக்காவுக்கு முன்னால்தான் அந்தத் தூறல் இறங்கியது. அதட்ட வாயெடுத்தவர், மூக்கை நிமிர்த்தி அந்தக் காற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

பத்து நிமிடம் எல்லோரும் நின்றார்கள். பிறகு டாக்டர் வீட்டம்மா இடது கையை மோந்தார், வலது கையை மோந்தார், மறுபடி இடது கை. "அட!" என்றார். "எனக்கு வித்தியாசமே தெரியலையே." வாட்ச் ரிப்பேர்காரர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மோந்தார். "ஒண்ணேதாங்க. சந்தேகமே இல்லை." பியூட்டிஷியன் கைதட்டியேவிட்டாள். தேர்வு முடிவைப் பார்த்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது அவள் முகம்.

அக்கா மட்டும் காகிதத் துண்டு ஒன்றைக் கிழித்தார். "அம்மா, உங்க பாட்டிலை ஒரு தடவை இதுல அடிங்க." அடித்தார். பத்து நிமிடம் காத்திருக்கவில்லை. உடனே மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு காகிதத்தில் முதல் சம்பளம். மூன்றாவது காகிதத்தில், மேல் தட்டிலிருந்து இறக்கிய தன் சதுரப் பாட்டில். மூன்றையும் மாற்றி மாற்றி மோந்தார். முழங்கை மடிப்புக்கு ஒரு முறை போய்வந்தார். மறுபடி மோந்தார். மேல் தட்டு பல்பை ஒரு பார்வை பார்த்தார். தன் சதுரப் பாட்டிலின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"ஒண்ணில்லை" என்றார்.

"என்னக்கா?"

"புதுசுல மேலே ஒரு எலுமிச்சைத் தோல் வாசனை இருக்கு. நகத்தால கீறினா வருமே, அது. அஞ்சு நிமிஷம் நிக்குது, போயிடுது. என்னுதுல அது இல்லவே இல்லை. ஏன் இல்லைன்னா, நான் பாத்து எழுதின பாட்டில்லயும் இல்லை. ஆறு வருஷமா பல்பு சூட்டுல நின்னு அது போயே போச்சு." காகிதங்களைக் கவுண்டரில் வரிசையாக வைத்தார். "ஒரிஜினல் கொஞ்சம் கொஞ்சமா கெட்டிருக்கு. நானும் அதைப் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா கெடுத்திருக்கேன். பக்கத்துப் பையன் பேப்பரைப் பாத்து எழுதினேன், அவன் பேப்பரே தப்பு."

வாட்ச் ரிப்பேர்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கழுத்துப் பேனாவை எடுத்து, தட்டில் இருந்த முதல் சம்பளப் பாட்டில்கள் பதினொன்றையும் இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒன்பதை அடித்து ஏழு என்று எழுதத் தொடங்கினார்.

"அக்கா! அவங்களே ஒண்ணுன்னு சொல்லிட்டாங்க. உங்களை யாரு கேட்டா?" பியூட்டிஷியன் பாட்டில்களுக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"என் மூக்கு கேக்குதே. உன் பாட்டிலையும் குடு."

கைப்பையிலிருந்த பாட்டிலை அவள் கொடுத்தாள். கொடுக்கும்போது அக்கா என்ன செய்யப் போகிறார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அக்கா அதிலும் ஒன்பதை அடித்தார். டாக்டர் வீட்டம்மா கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னார்: "அப்போ இத்தனை நாளா ஏழு மார்க்கைப் பூசிக்கிட்டுத்தான் என்கிட்ட ஒன்பதுன்னு சொன்னியா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் போய்த் தைத்தது.

"நான் என் மூக்கை நம்பலைக்கா. உங்க மார்க்கைத்தான் நம்பினேன்" என்றாள் பியூட்டிஷியன். பாட்டிலைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டுப் படியேறிப் போனாள்.

எலுமிச்சைத் தோலைத் தவறவிட்டதில் அக்காவுக்கு எரிச்சல்தான். அந்தப் பெண்ணை நாலு பேர் முன்னால் கைவிட்டதில்தான் வலி. ஆனாலும் ஏழு மார்க்கை மறுபடி ஒன்பதாக்கும் யோசனை அவருக்கு ஒரு கணமும் வரவில்லை. டாக்டர் வீட்டம்மாவிடம் ஒரு சிறு குப்பியை நீட்டி, "இதுல கொஞ்சம் ஊத்திக் குடுங்கம்மா, சரி பண்ணணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவர்கள் போனதும் ஸ்டூலில் ஏறி மஞ்சள் பல்பைக் கழற்றினார்.

மறுநாள் ஷட்டரில் அட்டை: 'மார்க் திருத்தும் வேலை நடக்கிறது. கடை இரண்டு நாள் லீவு.' பதினான்கு ஒரிஜினல்களையும் அவர் சந்தேகக் கேஸ்களாக்கி ஒவ்வொன்றாக விசாரித்தார். நான்கு குற்றவாளிகள் என்று தெரிந்தது. எல்லாம் பல்புக்குப் பக்கத்தில் நின்றவை. அவற்றின் நகல்கள் அனைத்துக்கும் மார்க் இறங்கியது.

"ஊர்ல எல்லாரும் இருக்கிறதைக் கூட்டித்தான் சொல்றான். நீங்க என்னடான்னா யாருக்குமே தெரியாத குறையைத் தம்பட்டம் அடிக்கிறீங்க" என்றார் வாட்ச் ரிப்பேர்காரர்.

"தப்பா ஓடுற கடிகாரத்தைப் பாத்து நீங்க இன்னொரு கடிகாரத்துக்கு மணி வைப்பீங்களா?"

அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார்.

அடுத்த நான்கு வாரமும் லிப்ட்காரருக்குத்தான் பாடு. தினம் இரண்டு கை, சில நாள் கழுத்தோரம்கூட. எலுமிச்சைத் தோல் எசன்ஸ் ஒரு சொட்டு கூடினால் பாத்திரம் துலக்கிய வாசனை வந்தது. குறைந்தால் இருக்கிற இடமே தெரியவில்லை. இப்போது அக்கா பத்து நிமிடம் காத்திருப்பதில்லை. தடவியதும் மூக்கைக் கொண்டுபோய், ஸ்பிரிட் நெடியைத் தாண்டி அந்த முதல் அஞ்சு நிமிடத்தைத் தேடினார். வாடிக்கையாளர்களிடமும் சட்டம் மாறிவிட்டது. "இப்பவே ஒரு தடவை மோந்து பாருங்க. ஸ்பிரிட்டும் பேசட்டும். நடுவுல வேற யாரோ பேசுறாங்களான்னு கவனிங்க." இருபது வருடமாகச் சொன்னதை மாற்றிச் சொல்கிறோமே என்ற கூச்சமெல்லாம் அவருக்குக் கிடையாது. முன்பு என்ன அதட்டலோடு சொன்னாரோ அதே அதட்டலோடு இதையும் சொன்னார்.

பார்லரின் படிச் சத்தம் கேட்கும்போது மட்டும் தலை தானாக நிமிரும். அவள் எதிர்ப்பக்கப் படி வழியாகப் போய்வருகிறாள் என்று வாட்ச் ரிப்பேர்காரர் தகவல் கொடுத்தார். அவள் விட்டுப்போன பாட்டிலை அக்கா கல்லாவுக்குப் பக்கத்தில் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்.

ஒரு மாலை கணவர் வந்து கைகளை நீட்டினார். அக்கா இடது கையை மோந்தார், வலது கையை மோந்தார். இடது, வலது, மறுபடி இடது. காலையில் தடவிய நிமிடத்திலும் இப்படித்தான் இருந்தது.

"என்ன, முடிஞ்சுதா?" என்றார் கணவர்.

"எட்டரை."

"ஒன்பதுன்னு போட்டுடேன். பாவம் அந்தப் பொண்ணு."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அதான் கையை நீட்டுறேன்" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைக் கழற்றினார்.

ஐந்தாவது சனிக்கிழமை காலை பியூட்டிஷியன் வந்தாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, பேச்சைக் காசு போல எண்ணிச் செலவழித்தாள். "என் பாட்டிலை விட்டுட்டுப் போயிட்டேன்."

அக்கா அதை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். பக்கத்தில் இன்னொரு பழுப்புப் பாட்டிலையும் வைத்தார். அதில் லேபிள் இல்லை.

"இது என்ன?"

"புதுசா கலந்தது. கையை நீட்டு." இடது முழங்கை மடிப்பில் டாக்டர் வீட்டம்மாவின் குப்பியிலிருந்து ஒரு சொட்டு, வலது மடிப்பில் புதுச் சரக்கு ஒரு சொட்டு. "இப்ப ஒரு தடவை மோந்து பாரு. அப்புறம் வேலையைப் பாத்துட்டு சாயங்காலம் வா."

அவள் இடது மடிப்பை மோந்தாள். வலது மடிப்புக்கு மூக்கைக் கொண்டுபோனதும் புருவம் உயர்ந்தது. ஆனாலும் கோபம் இன்னும் பாக்கி இருந்தது. விறுவிறுவென்று போய்விட்டாள். போனது எதிர்ப்பக்கப் படி வழியாக அல்ல என்பதை வாட்ச் ரிப்பேர்காரரும் கவனித்தார்.

அன்று பார்லரில் மணப்பெண் ஒருத்தி, அவளுடைய தங்கைகள் மூன்று பேர். எத்தனை முறை கை கழுவினாளோ, எத்தனை முகங்களுக்கு மேல் குனிந்தாளோ. மாலையில் கடைகள் விளக்குப் போடும் நேரத்தில், நின்று நின்று வீங்கிய காலோடு படியிறங்கி வந்து கவுண்டரில் சாய்ந்தாள். அக்கா பார்க்க, முழங்கை மடிப்புகளை நிதானமாக மோந்தாள். இடது, வலது, மறுபடி இடது. ஆறு வருடம் இந்தக் கடையைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் அந்த வரிசை வந்திருந்தது. நடுவில் ஒரு முறை தன் தோள்பட்டையை மோந்து மூக்கைத் தெளிவித்துக்கொள்ளவும் செய்தாள்.

"காலையில முதல் அஞ்சு நிமிஷம் அப்படியே அது மாதிரிதான் இருந்துச்சு" என்றாள் மெல்ல. "மத்தியானம் இது கொஞ்சம் தித்திப்பாச்சு. அது ஆகலை. இப்ப ரெண்டும் ஒண்ணுதான்."

மத்தியானத் தித்திப்பு அக்காவுக்கும் தெரியும். எட்டரை போட்டு மீதி ஒன்றரை மார்க்கைப் பிடித்துவைத்ததே அதற்காகத்தான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பியூட்டிஷியன் நிமிர்ந்தாள். "சரி, சொல்லுங்கக்கா. இதுக்கு எத்தனை மார்க்?"

சென்ட் அக்கா புதுப் பாட்டிலில் வெறும் லேபிள் ஒன்றை ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்தார். பிறகு பின்னலை ஒதுக்கி, கழுத்திலிருந்த நூலைத் தலைவழியே கழற்றி, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார்.